வெட்டிய மேட்டின் கீழே

அக்கா மகன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் அவன் வாங்கிப் போட்ட 8 சென்ட் இடம். தேயிலைச் செடிகளைப் பிடுங்கி, ஜேசிபி விட்டு, மேட்டைச் செங்குத்தாக அரிந்து சமதளம் ஆக்கியிருந்தார்கள். வெட்டுமுகம் 12 அடி இருக்கும். சுற்றிலும் பச்சையாகக் கிடந்த மலையில் அந்த ஓரிடம் மட்டும் தோலுரித்த மாதிரி செக்கச்செவேல் என்றிருந்தது. "எப்படி மாமா இருக்குது? மூலமட்டம் எடுத்தாச்சுங்க. மழ உட்டதும் கடக்கால் போட்டர்லாம்" என்று கூடவே ஒரு குரல் செய்தி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டிய மண்ணையெல்லாம் இடத்தின் கீழ் ஓரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலுக்கு நேர் கீழே நான்கு ஓட்டு வீடுகள். ஒரு வாசலில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று கொடியில் தொங்கியது. ஐப்பசி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு மழை விடுகிற காலம் அல்ல அது, பிடிக்கிற காலம்.

பதில் எழுதவில்லை. மறுநாள் விடிகாலை கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறினேன். அவன் இடத்துக்குப் போகுமுன் வேறு சில இடங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பார்க்காமல் போனால் அவனிடம் பேச எனக்கு வாய் வராது.

முதலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி நடூர் போனேன். 2019 டிசம்பர் 2, விடிவதற்கு முன்னால், ஒரு வீட்டின் கருங்கல் சுற்றுச்சுவர் தொடர் மழையில் ஊறி, அதை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகள்மேல் சாய்ந்த இடம் அது. சுமார் 20 அடி உயரச் சுவர். தூக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் பட்டியல் சாதிக் குடும்பத்தினர். அந்தச் சுவரால் ஆபத்து என்று முன்பே சொல்லி வந்ததாகவும், அது தங்களைப் பிரித்து வைக்க எழுப்பிய தீண்டாமைச் சுவர் என்றும் அந்த மக்கள் சொன்னார்கள். நான் போனபோது தெருவில் இரண்டு பிள்ளைகள் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள். யாரையும் நிறுத்திக் கேட்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நடூர் சமவெளி. மலைச்சரிவுக் கதையில் அதை ஏன் சேர்க்கிறேன் என்றால், உயரமான சுவருக்கும் ஈரத்துக்கும் கீழே படுத்திருக்கும் மனிதர்களுக்கும் உள்ள கணக்கு மலையிலும் அதேதான். ஒரு சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது நாலரை டன் விசையோடு தள்ளும். 6 மீட்டர் நின்றால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, 18 டன். மண்ணின் பாரம் தனி. உலர்ந்த மண்ணைத் தாங்குகிற சுவர் ஊறிய மண்ணைத் தாங்காமல் போவது இதனால்தான். தண்ணீர் வெளியேறச் சுவரில் ஓட்டை விடாதவர்கள், தங்களை அறியாமலே மேட்டுக்குள் ஒரு குளம் கட்டுகிறார்கள்.

எனக்கு இது புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. நான் காங்கயம் பக்கம். எங்கள் ஊரில் மலை கிடையாது, ஆனால் கிணறு உண்டு. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாறை வருகிற வரை வாயை அகலமாக எடுத்து, மண் இருக்கிற பாகத்துக்கு மட்டும் சுற்றிலும் கல் கட்டினார்கள். சாந்து வைக்கவில்லை. கல்லுக்குக் கல் சந்து விட்டுத்தான் அடுக்கினார்கள். ஏன் பூசவில்லை என்று கிணறு வெட்ட வந்த ஒட்டரிடம் கேட்டேன். "பூசுனா ஊத்து எங்க சாமி போகும்? செவுத்தத் தள்ளீட்டுத்தான் வரும்" என்றார். மழைக்காலத்தில் அந்தக் கல்லிடுக்குகளில் நூல் நூலாகத் தண்ணீர் கசியும். கட்டு இன்றைக்கும் நிற்கிறது.

மேட்டுப்பாளையத்தில் மறுபடியும் ஊட்டி வண்டி. கல்லாற்றுப் பாக்குத் தோப்பு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. மலை ரயில் பாதை சாலைக்கு மேலும் கீழுமாக ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். வளைவுகளையும் குகைகளையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது பாலங்கள். கிலோமீட்டருக்கு ஐந்துக்கும் மேல். மலையை வெட்டியவர்கள், அதில் இறங்கி வரும் ஓடைகளில் எதையும் தடுக்கக் கூடாது என்று தெரிந்து வெட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்தும் அடைமழைக் காலத்தில் மண் சரிந்து ரயில் நின்றுபோவது வழக்கமாகத்தான் இருக்கிறது. மரப்பாலத்தைக் கடக்கும்போது 1993 நவம்பர் ஞாபகம் வந்தது. இந்தச் சாலையில் மண்ணும் பாறையும் சேர்ந்து இறங்கி, பேருந்தில் வந்தவர்கள் உட்படப் பலர் மாண்ட இடம். வண்டி அரை நிமிடத்தில் அதைத் தாண்டிவிட்டது.

கேத்தியில் இறங்கினேன். வெயில் அடித்தது. பள்ளத்தாக்கு முழுக்கக் காரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசுமாகக் கட்டம் கட்டமாகக் கிடந்தது. 2009 நவம்பர் 10 அன்று இந்த ஊர் மழைமானியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் பதிவானது. கோவை நகரம் ஒரு வருஷம் முழுக்கப் பெறுகிற மழையைவிட அதிகம். அந்த நாலைந்து நாளில் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு மழை பெய்தால் எந்த மலை தாங்கும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரே மழை பெய்த ஒரே சரிவில் ஓரிடம் பெயர்ந்து பக்கத்து இடம் நின்றதே, அது எப்படி? அன்று ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஓடை அடைபட்டதையும், சரிவின் அடிக்கால் வெட்டுண்டதையும்தான். வீட்டுக்கும் சாலைக்கும் வெட்டிய மேடு, அந்த மண்ணைத் தள்ளி மூடிய ஓடை, போக வழி இல்லாமல் உள்ளே இறங்கிய தண்ணீர்.

தோட்டத்தில் நின்ற ஒரு படுகர் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பாத்திகள் மேலிருந்து கீழாக, சரிவை ஒட்டியே ஓடின. குறுக்கே போட்டால் மண் நிற்குமே என்றேன். நிற்கும், தண்ணீரும் நிற்கும், கிழங்கு அழுகிப்போகும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஹட்டி என்கிற தன் ஊரைக் காட்டினார். முதுகுபோல் கிடந்த மெல்லிய மேட்டில், ஒரே வரிசையாக, சரிவுக்குக் குறுக்கே ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள். "முன்னோர் பள்ளத்திலும் கட்டல, வெட்டியும் கட்டல. இருக்கிற சமத்துல கட்டினாங்க" என்றார். எதிர்ச் சரிவில் புது மாடி வீடுகள் கான்கிரீட் தூண்களில் நின்றன. அவற்றை அவர் காட்டவில்லை, நானே பார்த்துக்கொண்டேன்.

அங்கிருந்து லவ்டேல் தூரமில்லை. அங்கே நடந்ததற்கு மழையைக் குறை சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி 7, தை மாதம். சரிவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குத் தடுப்புச் சுவர் கட்டப் பள்ளம் தோண்டியபோது, மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடமும் மண்ணும் சேர்ந்து வேலையாட்கள்மேல் விழுந்தன. ஆறு பெண்கள் இறந்தார்கள். மண்ணைக் காக்கப் போடுகிற சுவருக்காகத் தோண்டிய குழி அது. செங்குத்தாக அறுத்த மேடு, முட்டுக் கொடுக்காத வரை, வெயிலிலும் விழும். தலையில் ஏதாவது பாரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும். நடூரில் படுத்திருந்தவர்கள், இங்கே சட்டி சுமந்தவர்கள். வீடு யாருடையதோ அவர்கள் இரண்டு இடத்திலும் கீழே இல்லை. சரிவில் வீடு கட்டுவது பற்றி எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான். வெட்டச் சொல்கிறவர் இருப்பது மேலே, விழுவது கீழே இருப்பவர்மேல்.

ஊட்டியிலிருந்து கோத்தகிரி வண்டியில் போகும்போது கோடப்பமந்து பக்கம் சாலையோரச் சரிவு ஒன்று புல் போர்த்திக் கிடந்தது. நெடுஞ்சாலைத் துறை செய்த வேலை. மேட்டுக்குள் துளை போட்டு இரும்புக் கம்பிகளை ஆழமாக இறக்கிச் சாந்து ஊற்றி, மேலே வலை விரித்து, புல்விதையையும் உரத்தையும் கூழாகக் கரைத்துப் பீய்ச்சி முளைக்க வைக்கிறார்கள். பெரிய செலவு. வீடு கட்டுகிறவருக்கு எட்டாது. ஆனால் அந்தச் சரிவைச் செங்குத்தாக விடாமல் சாய்த்திருந்ததைக் கவனித்தேன். அதற்குப் பெரிய பணம் வேண்டாம், கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுக்க மனசு வேண்டும்.

சாயங்காலம் மருமகன் இடத்தில் போய் நின்றேன். படத்தில் பார்த்ததைவிட நேரில் பயமாக இருந்தது. வெட்டுமுகத்தின் உச்சியிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் விரல் நுழைகிற விரிசல் ஒன்று வில்போல் வளைந்து ஓடியது. இந்த மலையில் பாறை உளுத்து மண்ணாகிப் பல அடி ஆழத்துக்குக் கிடக்கிறது. காய்ந்தால் கல்போல் நிற்கும், ஊறினால் குழம்பும். "ஜேசிபிக்கு கலெக்டர் ஆபீஸ்ல பர்மிஷன் வாங்குனீங்களா?" என்றேன். கான்ட்ராக்டர் பார்த்துக்கொண்டார் என்றான். மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் முகம் சிறுத்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரைக் குன்னூரிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். இலங்கை மலையகத்தில் பிறந்து, 1964 ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டு இங்கே வந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்காகவே தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவருடைய பெற்றோர் வேலை பார்த்தார்கள். இவர் தோட்டத்து வாய்க்காலும் கல்கட்டும் செய்து பழகியவர். 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைப் புதைத்ததே, அதற்கு அடுத்த தோட்டத்தில் தனக்குச் சொந்தக்காரர்கள் இருந்ததாக ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

வந்தவர் வெட்டுமுகத்தைப் பார்க்கவில்லை. நேரே கீழ் ஓரத்துக்குப் போய்க் குவித்த மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். "தம்பி, மேல இருக்கிறது நாளைக்கு விழலாம், விழாமலும் போகலாம். இது முதல் மழைக்கே இறங்கும்" என்றார். பிறகு அந்த நான்கு வீடுகளைக் காட்டி, "அவங்ககிட்டப் பேசினீங்களா?" என்று கேட்டார்.

மருமகன் பேசியிருக்கவில்லை. அன்று இருட்டின பிறகு நாங்கள் மூவரும் இறங்கிப் போனோம். மூன்று வீடுகளில் தேயிலை பறிக்கிற பெண்கள், ஒன்றில் தனியாக ஒரு பாட்டி. ஜேசிபி ஓடிய அன்றே பயந்துவிட்டதாகவும், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னார்கள். கனமழை எச்சரிக்கை வருகிற ராத்திரிகளில் அவர்கள் தங்க மேல்ரோட்டில் ஒரு வீட்டை, தை வரைக்கும், வாடகைக்குப் பிடித்துத் தருவதாக மருமகன் ஒப்புக்கொண்டான். பாட்டி அவன் கையைப் பிடித்து, "ஆடு ஒண்ணு இருக்கு கண்ணு" என்றார். ஆட்டுக்கும் இடம் சொன்னோம்.

அடுத்த மூன்று நாள் அங்கேயே இருந்தேன். முதல் வேலையாகக் குவிந்த மண்ணைச் சிறு டெம்போவில் ஏற்றி அப்புறப்படுத்தினோம். ஓடைப் பக்கம் தள்ளிவிடலாம் என்ற யோசனையைக் கொத்தனார் காதில் வாங்கவே இல்லை. இரண்டாவது, வெட்டுக்கு மேலே பத்தடி தள்ளி, விரிசலுக்கும் அப்பால், சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால். மேலிருந்து வருகிற தண்ணீர் வெட்டுமுகத்தைத் தொடாமலே ஒதுங்கிப் போய்க் கல் பாவிய ஓடையில் சேர வேண்டும், அந்த வீடுகளின் பக்கம் திரும்பக் கூடாது. மட்டக்குழாயில் தண்ணீர் பிடித்து வாட்டம் பார்த்தார். வாட்டம் கூடினால் வாய்க்காலே மண்ணை அரிக்கும், குறைந்தால் தேங்கி உள்ளே இறங்கும். விரிசலில் களிமண் திணித்து அடைத்தோம். உச்சியின் மூலையை ஆட்களை வைத்துச் சாய்வாகச் செதுக்கினோம், மேலே நின்றுதான். வெட்டுக்கு அடியில் ஓர் ஆளைக்கூட அவர் நிற்க விடவில்லை. கடைசியில் தார்ப்பாய் போர்த்தி, மணல் மூட்டை வைத்து, அடியில் இரண்டடிக்குக் கல் அடுக்கினோம், கீழே ஆட்களை விட அவருக்குத் துணிச்சல் வந்த பிறகு.

சுவர் தைக்குப் பிறகுதான் என்று முடிவானது. அதற்குள் வீட்டின் வரைபடத்தையே மாற்றச் சொன்னார். ஒரே தளமாக வேண்டாம், படிபோல் இரண்டு மட்டமாகக் கட்டலாம், 12 அடி வெட்டு ஒன்றுக்குப் பதில் ஆறடி வெட்டு இரண்டு. உயரம் பாதியானால் தள்ளுகிற விசை கால்வாசியாகிவிடும். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் மேல்சுவர் கீழ்ச்சுவரின் தலையில் உட்காரும். தோண்டும்போது ஒரே நீளமாகத் தோண்டாமல் ஆறடி தோண்டி ஆறடி விட்டு, தோண்டியதைக் கட்டி முடித்த பிறகே விட்டதைத் தொட வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சரளைக்கல் நிரப்பி, ஐந்தடிக்கு ஒன்றாக வெளிப்பக்கம் வாட்டம் வைத்துக் குழாய் பதிக்க வேண்டும். இன்ஜினியர் ஒருவரை வைத்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "என் கை வேலை தெரியும், கணக்கு அவங்கதான் பார்க்கணும்" என்றார்.

மீதிச் சரிவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய்நார் விரிப்பு வாங்கி வந்தோம். கொங்கு நாட்டுத் தென்னந்தோப்புகளில் மட்டையாய்க் கழிந்த நாரில் முடைந்த வலை. மழைத்துளியை மண்மேல் நேராக விழ விடாது, இரண்டு மூன்று வருஷத்தில் மக்கி மண்ணோடு சேரும், அதற்குள் புல் வேர் பிடித்துவிடும். புல்லுக்கு வெட்டிவேர். வேர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக ஆளுயரத்துக்கும் கீழே இறங்கும். உலகம் முழுக்க இன்று மண் அரிப்புக்கு இதை நடுகிறார்கள். ஆனால் பந்திப்பூருக்கு அந்தப் பக்கம் குண்டல்பேட்டை விவசாயிகள் யாரும் சொல்லாமலே தலைமுறை தலைமுறையாகத் தங்கள் காட்டு வரப்பில் இதை வேலியாக வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் செய்கிற வேலைதான் இது. உறைபனி விழுகிற ஊட்டி உயரத்தில் வெட்டிவேர் தடுமாறும், கோத்தகிரியில் பிழைக்கும்.

நாலாம் நாள் கோத்தகிரி மலைப்பாதை வழியாக இறங்கினேன். முந்தின ராத்திரி பெய்திருந்தது. மேட்டுப்பாளையத்தில் பாலத்தின் மேல் வண்டி நின்றபோது பவானி செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. இது பவானிசாகரில் போய்த் தங்கும். அங்கிருந்து கீழ்பவானி வாய்க்காலில் எங்கள் காங்கயம் பக்கம் வரை வரும். அணையின் அடியில் ஒவ்வொரு வருஷமும் படிகிற வண்டலில் மருமகன் இடத்து மண்ணும் கொஞ்சம் இருக்கும் என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த மழைக்காலம் தார்ப்பாயின் கீழ் கடந்தது. இரண்டு இடத்தில் மண் உதிர்ந்தது, அடியில் அடுக்கிய கல்லே அதைப் பிடித்துக்கொண்டது. கீழ் வீட்டுக்காரர்கள் ஆறு ராத்திரி மேல்ரோட்டு வீட்டில் படுத்தார்கள். தையில் சுவர் எழும்பியது. வீட்டு வேலை இன்னும் முடியவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மருமகன் கூப்பிட்டான். பின்னால் மழைச் சத்தம். "மாமா, செவுத்து ஓட்டைல எல்லாம் தண்ணி வருதுங்க."

"என்ன நெறத்துல வருது?"

டார்ச் எடுத்துக்கொண்டு போனான். போனைப் பிடித்தபடியே ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னான். பதினொன்றில் தெளிவாக வந்தது. கிழக்கு மூலையில் ஒன்றில் மட்டும் செந்நிறமாக. அங்கே பின்னால் சரளை சரியாக விழவில்லை, மண் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் பாட்டியின் வீடு.

"பாட்டிய எழுப்பி மேல கூட்டீட்டுப் போ. விடிஞ்சதும் கொத்தனாருக்குப் போன் போட்டர்லாம்."

"போய்ட்டாங்க மாமா. சாயங்காலமே ஆட்டோட போய்ட்டாங்க."